லூதியானாவின் அழைப்பும் அனுப்பர்பாளையத்தின் ஜெபவீடுகளும்: தமிழ்த் திருச்சபையில் ஒருமனப்பட்ட ஜெபத்தின் வரலாறு

முன்னுரை

பின்னலாடைத் தொழிலுக்கு இந்தியாவில் இரண்டு தலைநகரங்கள். கம்பளிக்கு லூதியானா, பருத்திக்குத் திருப்பூர். தொழிலால் உறவான இவ்விரண்டு ஊர்களுக்கும் திருச்சபை வரலாற்றிலும் ஓர் உறவு உண்டு. 1858இன் இறுதியில் லூதியானாவில் கூடிய அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் மிஷனெரிகள், உலகெங்குமுள்ள திருச்சபைகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். 1860 ஜனவரி இரண்டாம் வாரத்தில், எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவராயினும், எல்லாரும் ஒரே நோக்கத்திற்காகக் கூடி ஜெபிக்க வேண்டும் என்பதே அது. இங்கிலாந்தின் சுவிசேஷக் கூட்டணி அதை ஏற்றுப் பரப்பியது. ஆண்டின் தொடக்கத்தில் பல நாடுகளில் கைக்கொள்ளப்பட்டுவரும் ஜெப வாரம் அந்த அழைப்பிலிருந்து பிறந்தது.

அந்த அழைப்பிற்கு முன்னும் பின்னும் தமிழ்த் திருச்சபையில் ஒருமனப்பட்ட ஜெபம் எவ்வாறு உருவெடுத்தது, எந்த வழிகளில் பரவியது, திருப்பூர் அனுப்பர்பாளையம் போன்ற ஒரு தொழிலாளர் பகுதிக்கு அது இன்று எதைக் கையளித்திருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஜெபத்தின் வல்லமையை வரலாற்றாய்வு எவ்வாறு அளப்பது? தேவன் பதிலளித்தார் என்பது விசுவாசத்தின் அறிக்கை. ஆவணங்களைக் கொண்டு அதை நிறுவ முடியாது. ஆனால் ஜெபித்தவர்கள் எழுந்து என்ன செய்தார்கள் என்பதைத் தேட முடியும். அந்தக் கேள்வியோடு ஐந்து நூற்றாண்டுகளைப் பின்தொடர்ந்தால் ஒரு தெளிவான போக்கு புலப்படுகிறது. எதற்காகச் சேர்ந்து ஜெபித்தார்களோ அதற்குத் தங்களையே ஒப்புக்கொடுத்த கூட்டங்களிலிருந்து நிலைத்த மாற்றங்கள் பிறந்தன. ஜெபித்தவர்களே பதிலின் ஒரு பகுதியானார்கள். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

வேதத்தில் இதன் வேர்

அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் எருசலேமின் மேல்வீட்டில் கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய 120 பேர். பதினொரு அப்போஸ்தலர்களோடு பெண்களும், இயேசுவின் தாயும், அவருடைய சகோதரரும் அங்கே இருந்தார்கள். நான்காம் அதிகாரத்தில், மிரட்டி விடுவிக்கப்பட்ட பேதுருவும் யோவானும் தங்கள் கூட்டத்தாரிடம் திரும்பியதும் எல்லாரும் ஒன்றாகக் குரலெழுப்புகிறார்கள். ஆபத்து நீங்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. பேசுவதற்குத் துணிவு கேட்டார்கள். அதே அதிகாரத்தின் முடிவில் அவர்கள் தங்கள் உடைமைகளைப் பகிர்ந்துகொள்வதைக் காண்கிறோம். ஜெபமும் பகிர்வும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

மத்தேயு நற்செய்தியின் அமைப்பு இதைவிட நுட்பமானது. ஒன்பதாம் அதிகாரத்தின் முடிவில், அறுவடைக்கு வேலையாட்களை அனுப்பும்படி வேண்டிக்கொள்ளுங்கள் என்று இயேசு சீடர்களுக்குச் சொல்கிறார். பத்தாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் அனுப்புவது அதே சீடர்களைத்தான். வேண்டிக்கொள்ளச் சொல்லப்பட்டவர்களே வேலையாட்களாகிறார்கள். பின்வரும் வரலாறு முழுவதிலும் இந்த முறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

மனப்பாடமாகத் தொடங்கிய பொதுஜெபம்

தமிழில் கிறிஸ்தவர்கள் கூடி உரக்க ஜெபித்ததற்கான தெளிவான தொடக்கச் சித்திரம் முத்துக்குளித்துறையிலிருந்து கிடைக்கிறது. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உள்ளூரார் துணையோடு விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், மங்கள வார்த்தை ஜெபம் ஆகியவற்றைத் தமிழில் அமைத்தார். மணியடித்துப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி, ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் முறையில் கற்பித்தார். எழுத்தறியாத பரதவர் குடும்பங்களுக்குள் ஜெபம் குரல்வழியே நுழைந்தது. பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1578இல் கொல்லத்தில் என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ ஜெபங்களையும் ஞானோபதேசத்தையும் கொண்ட சிறுநூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ஒரு ஜெபநூல் என்பது தமிழ் அச்சு வரலாற்றிலும் பதிந்த உண்மை.

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் வேறொரு மரபைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அங்கே தமிழ் லுத்தரன் சபை கூடியது. வேத வாசிப்பு, கேள்வி பதிலாக ஞானோபதேசம், ஞானப்பாட்டு, ஜெபம் என்று ஒழுங்கு உருவானது. ஊர் ஊராகச் சென்ற உபதேசிமார் அந்த ஒழுங்கைத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, பாளையங்கோட்டை வரை கொண்டுசென்றார்கள். தஞ்சையில் மிஷனெரி சுவார்ச்சையரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ‘ஜெபமாலை’ உள்ளிட்ட படைப்புகளால் பொதுஜெபத்துக்குத் தமிழ் இசையின் உடலைத் தந்தார். படிக்கத் தெரியாதவரும் பாட்டால் ஜெபத்தில் சேர முடிந்தது.

அதே தரங்கம்பாடியில் 1760இல் மொரேவியச் சகோதரர்களும் வந்து குடியேறினார்கள். அவர்களுடைய தாய்ச்சபை ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட். பல பிரிவுகளிலிருந்து அகதிகளாக வந்து, தங்களுக்குள் பிணங்கிக் கிடந்த அச்சமூகம் 1727 ஆகஸ்ட் 13ஆம் நாள் ஒப்புரவானது. அம்மாத இறுதியில் 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் ஒவ்வொரு மணிநேரத்தையும் பகிர்ந்துகொண்டு இடைவிடாத ஜெபக்காவலைத் தொடங்கினார்கள். அது நூறு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. தொடங்கிய ஐந்தாம் ஆண்டிலேயே, 1732இல், அச்சிறு சமூகம் கரீபியன் தீவொன்றின் அடிமை மக்களிடம் தன் ஆட்களை அனுப்பியது. முதலில் ஒப்புரவு, பிறகு காவல், பிறகு புறப்பாடு என்னும் இந்த வரிசை கவனத்துக்குரியது.

மாதத்தின் முதல் திங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திருச்சபைகள் ஒரு புதிய வழியைக் கண்டன. தூரத்தில் இருப்பவர்கள் ஒரே நாளைக் குறித்துக்கொண்டு, அவரவர் இடத்தில் ஒரே காரியத்துக்காக ஜெபிப்பதே அது. 1744இல் ஸ்காட்லாந்தின் குருமார் சிலர் இதைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1747இல் இதை ஆதரித்து நூல் எழுதினார். அந்நூல் நெடுங்காலம் கழித்து இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் பகுதிப் பாப்டிஸ்டுகளின் கைக்குக் கிடைத்தது. 1784இல் ஜான் சட்கிளிஃப் முன்மொழிய, மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை மாலையில் சபைகள் கூடி ஜெபிப்பதென்று முடிவானது.

அந்தச் சபைகளின் வட்டத்தில் ஒருவர் செருப்புத் தைக்கும் தொழிலாளியாயிருந்த வில்லியம் கேரி. எட்டு ஆண்டுகள் கழித்து, 1792இல், பாப்டிஸ்ட் மிஷனெரிச் சங்கம் உருவானது. 1793இல் கேரி வங்காளத்துக்கு வந்துசேர்ந்தார். மாதந்தோறும் உலகுக்காக ஜெபித்த சிறு சபைகள் தங்களிலிருந்தே ஒருவரை அனுப்பின. அவரைத் தாங்கும் செலவையும் ஏற்றன.

முதல் திங்கள் ஜெபம் தமிழருக்கு யாழ்ப்பாணம் வழியாக வந்தது. 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனெரிகள் இதைக் கைக்கொண்டவர்கள். 1823இல் வட்டுக்கோட்டைக் கல்லூரி தொடங்கிற்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து விடுதிப் பள்ளிகளில் பெரும் எழுப்புதல் உண்டானது. மாணவர்கள் தாங்களே குழுக்களாகக் கூடி ஜெபித்தார்கள். குருவானவர் ஜெபிக்கச் சபையார் ஆமென் சொல்லும் முறையிலிருந்து, சபையாரே வாய்திறந்து தம் சொற்களில் ஜெபிக்கும் முறைக்கு நகர்ந்த தொடக்கக் கட்டங்களில் இதுவும் ஒன்று.

1860: கிறிஸ்தியான்பேட்டை

லூதியானாவின் அழைப்பு அமைதியான காலத்தில் எழவில்லை. 1857 எழுச்சியில் அதே மிஷனைச் சேர்ந்த பதேகர் ஊழியர்கள் கான்பூரில் கொல்லப்பட்டிருந்தார்கள். வட இந்தியா முழுவதும் ஆங்கிலேய ஆட்சியின் பழிவாங்கலால் குருதி சிந்தியிருந்தது. அதே 1857இன் செப்டம்பர் 23ஆம் நாள் நியூயார்க்கின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் என்னும் வணிகர் நண்பகல் ஜெபக்கூட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். முதல் நாள் வந்தவர்கள் ஆறு பேர். சில மாதங்களில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வேலை நேரத்தின் நடுவே ஆயிரக்கணக்கானோர் ஜெபிக்கக் கூடினர். இச்செய்திகள் கப்பல் தபாலில் இந்தியாவை எட்டின. காயமும் நம்பிக்கையும் கலந்த அந்த மனநிலையிலிருந்துதான் லூதியானாவின் அழைப்பு புறப்பட்டது.

ஜெப வாரம் முடிந்து இரண்டு மாதங்கள் கழித்து, 1860 மார்ச்சில், திருநெல்வேலிச் சீமையில் ஓர் எழுப்புதல் தொடங்கியது. அதன் மையம் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்தியான்பேட்டை. அதன் தலைவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் பாளையங்கோட்டையில் பயின்றவர். பிறகு அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் பிரதரன் ஊழியரோடு பயணித்தவர். மிஷன் சம்பளம் எதுவும் பெறாமல், தேவனை நம்பி வாழ்வதென்று தீர்மானித்து அந்தக் குடியிருப்பை உருவாக்கியவர்.

அருளப்பனின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் காட்டும் காட்சி வியப்பூட்டுவது. பாவ உணர்வால் மக்கள் அழுதார்கள், நடுங்கினார்கள், தரிசனம் கண்டார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். படிப்பறியாதவர்களும் பெண்களும் எழுந்து ஜெபித்தார்கள். சில மிஷனெரிகள் இந்த உணர்ச்சிப் பெருக்கைக் கண்டு தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அடுத்து நடந்தவையே வரலாற்றுக்கு முக்கியம். சம்பளம் வாங்காத சாதாரண சபையார் இருவர் மூவராக ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். அவர்களை அனுப்பியவர்கள் வெளிநாட்டார் அல்லர், தமிழ்ச் சபையாரே. அவர்களுக்கான சோறும் வழிச்செலவும் தமிழ் வீடுகளிலிருந்து வந்தன. 1870களில் திருவிதாங்கூரில் எழுந்த எழுப்புதலிலும் அருளப்பனின் வட்டத்தாருக்குப் பங்குண்டு. ஜெபத்தில் வாய்திறந்தவர் ஊழியத்தில் கால் எடுத்துவைத்தார். உலகப் பெந்தெகொஸ்தே இயக்கம் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே தமிழ்க் கிராமமொன்றில் இது நடந்தது.

அந்நாளைய குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே ஆலயத்தில் சாதிவாரியாக உட்கார்ந்து ஜெபித்த வழக்கம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் நீடித்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதிப் பிரிவினையை நீக்க ஆணையிட்டபோது தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகினார்கள். வேதநாயகம் சாஸ்திரியாரே அந்த ஆணையை எதிர்த்தவர்களுள் ஒருவர். ஒரே பாட்டைப் பாடுவதால் மட்டும் ஒருமனம் வந்துவிடாது என்பதற்கு இது வேதனையான சான்று. ஹெர்ன்ஹூட்டில் ஒப்புரவு முதலில் வந்தது; இங்கே பல இடங்களில் அது தள்ளிப்போடப்பட்டது. ஜெபத்தின் வல்லமை தடைப்பட்ட இடம் எதுவென்று தேடினால், இந்தச் சுவரைத்தான் முதலில் சுட்ட வேண்டும்.

அனுப்பும் திருச்சபை

திருநெல்வேலிக் கிறிஸ்தவ ஊர்களில் காலையும் மாலையும் ஆலய மணியடித்து ஜெபிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கையும் இருந்தது. ஏழைப் பெண்ணின் ஜெபம் அவள் அடுப்படியிலேயே காணிக்கையாக மாறிற்று. பின்னாளைய தமிழ் மிஷனெரி இயக்கங்கள் இந்த அடித்தளத்தின்மேல்தான் எழுந்தன.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் கடல் கடந்து இராமநாதபுரக் கரையின் தொண்டிக்கு ஊழியரை அனுப்பித் தாங்குவதைக் கண்டார். பல மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை ஏன் அப்படி எவரையும் அனுப்பவில்லை என்னும் கேள்வி அவரை உலுக்கியது. ஊர் திரும்பி நண்பர்களைக் கூட்டினார், ஜெபித்தார்கள். 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. ஆட்கள் இந்தியர், நிர்வாகம் இந்தியருடையது, பணமும் இந்தியருடையது என்பது அதன் கொள்கை. அதன் ஊழியர்கள் ஐதராபாத் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் வட்டாரத்துக்குச் சென்று தெலுங்கு கற்றார்கள். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரிச் சங்கம் உருவானது. கேரி பணிசெய்த அதே ஊரில், அவர் எதிர்பார்த்திருக்கவே முடியாத வகையில், இந்தியர் இந்தியருக்காகப் பொறுப்பேற்றார்கள்.

அதே 1905இல் மராட்டியத்தின் கேட்காவ் முக்தி மிஷனில் பண்டித ரமாபாயின் அழைப்பை ஏற்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் நாள்தோறும் கூடி ஜெபித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பஞ்சத்திலிருந்தும் விதவைத் துயரத்திலிருந்தும் மீட்கப்பட்டவர்கள். சமூகம் ஒதுக்கித் தள்ளிய பெண்கள் பிறருக்காகப் பரிந்துபேசுகிறவர்களானார்கள். குழுக்களாகப் பிரிந்து சுற்றுக் கிராமங்களுக்கும் சென்றார்கள்.

ஒருமைக்காக இருபத்தெட்டு ஆண்டுகள்

வேலையாட்களுக்கான ஜெபத்தோடு, திருச்சபையின் ஒருமைக்கான ஜெபமும் வளர்ந்தது. யோவான் 17ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மைப் பின்பற்றுவோர் ஒன்றாயிருக்கும்படி வேண்டுகிறார். அந்த வேண்டுதலைத் தங்கள் மேல் விழுந்த கடமையாக எடுத்துக்கொண்டவர்கள் 1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் கூடினார்கள். அவர்கள் பெரும்பாலும் இந்தியக் குருமார். அசரியாவும் தென்னிந்திய ஐக்கிய சபையின் சந்தியாகோவும் முன்னின்றார்கள். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பிரிவினைகள் சுவிசேஷத்தைப் பலவீனப்படுத்துகின்றன என்று அவர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். அங்கிருந்த மேனாட்டார் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ஈரோட்டில் பணிசெய்த எச். ஏ. பாப்ளி, தமிழ் இசையில் தோய்ந்து, திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர்.

பாப்ளியின் வருகை கொங்கு நாட்டை இந்த வரலாற்றோடு இணைக்கிறது. மதுரை மிஷன் காலத்திலேயே கத்தோலிக்க விசுவாசம் கொங்கில் வேர்விட்டது. கோவை அவிநாசிச் சாலையிலுள்ள கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம் அதன் பழைய மையம். சீர்திருத்தச் சபை 1830இல் இலண்டன் மிஷனின் ஆடிஸ் ஐயர் கோயம்புத்தூரில் தங்கியதோடு தொடங்கியது. பின்னர் ஈரோட்டில் பிரஃப் ஐயரும் பாப்ளியும் சிற்றூர்ச் சபைகளைக் கட்டினார்கள். இச்சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. விடுதலைக்குப் பின் 43ஆம் நாளான 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபை மரபுகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1945 ஜனவரி 1 அன்று மறைந்த அசரியா அதைக் காணவில்லை. 1950இல் கோவைத் திருமண்டலம் அமைந்தது. திருப்பூர்ச் சபைகள் அதற்குள் வந்தன.

தரங்கம்பாடிக்கும் சென்னைக்கும் இடையே 28 ஆண்டுகள். பேராயர் ஆட்சி, குருப்பட்டம், நற்கருணை பற்றிய கடும் வாக்குவாதங்கள் அவற்றை நிறைத்தன. ஒருமைக்காக ஜெபித்தவர்கள் தங்களுக்குப் பழகிய முறைகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. விட்டுக்கொடுக்கும் மனம்தான் அந்த ஜெபத்துக்குக் கிடைத்த முதல் பதில். உண்மையுள்ள ஜெபம் என்பது பொறுமையின் மறுபெயர் என்பதை இந்த நெடிய காலம் உணர்த்துகிறது.

சபை எல்லை தாண்டிய ஜெபக்குழுக்கள்

அமைப்புச் சபைகளுக்கு வெளியேயும் ஜெபம் புதிய வடிவங்கள் கொண்டது. 1920களில் இலங்கையில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷன் பரிசுத்த ஆவிக்கான காத்திருப்புக் கூட்டங்களைத் தமிழகத்தில் பரவச் செய்தது. 1941இல் சுவிசேஷகர் பக்த்சிங்கும் உடன் ஊழியரும் சென்னைக்கு அருகே பல்லாவரம் குன்றில் இரவு முழுவதும் ஜெபித்தார்கள். அந்த ஆண்டே சென்னையில் அவர்களுடைய முதல் சபை கூடியது. முழு இரவு ஜெபம் தமிழ்ச் சபைகள் பலவற்றின் வழக்கமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் நம் கருதுகோளுக்கு மிக வலிமையான சான்று நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு. திருநெல்வேலிப் பகுதியில் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் பணியாற்றிய இளைஞர்கள் 1959இல் சிறுசிறு குழுக்களாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். கூடுமிடம் வீடு, கூடியவர்கள் ஆசிரியர், எழுத்தர், மாணவர், இல்லத்தரசியர். 1967இல்தான் அவர்கள் தங்கள் முதல் மிஷனெரியைத் தருமபுரிப் பகுதியின் பெரியமலைக்கு அனுப்பினார்கள். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஜெபம் கொடுத்தலாக முதிர்ந்தது. கொடுத்தல் அனுப்புதலாக முதிர்ந்தது. பின்னர் குஜராத்தின் டாங் மலைப்பகுதி, ராஜ்மகால் மலையின் மால்டோ மக்கள் எனப் பணி வடக்கே விரிந்தது. தொலைதூர மலை ஊர்களின் பெயர்கள் தமிழ் வீடுகளின் இரவு ஜெபத்தில் ஒலித்தன. ஒரு மிஷனெரியைத் தாங்கும் செலவை ஒரு சிறு குழுவே ஏற்றது. அவருக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு தெருவே கவலைப்பட்டது.

1983இல் சுவிசேஷகர் டி. ஜி. எஸ். தினகரன் சென்னையில் நிறுவிய ஜெபகோபுரம் வேறொரு மாற்றத்தைக் கொணர்ந்தது. கடிதத்திலும் தொலைபேசியிலும் வரும் விண்ணப்பங்களுக்காகப் பயிற்சி பெற்றவர்கள் இரவும் பகலும் ஜெபித்தார்கள். தனிமையில் தவித்த எண்ணற்றோருக்கு அது ஆறுதல் தந்தது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் குழுவில் விண்ணப்பம் வைப்பவர் மற்றவரின் விண்ணப்பத்தையும் சுமக்கிறார். கோபுரத்துக்கு எழுதுகிறவர் தன் சுமையை இறக்கிவைக்கிறார். இரண்டும் தேவை. முதலாவது குறைந்து இரண்டாவது மட்டும் பெருகினால் ஒருமனம் மெலிந்துபோகும்.

கத்தோலிக்கப் பங்குகளிலும் இதற்கு இணையான மாற்றம் நிகழ்ந்தது. பங்கைச் சிறு வட்டங்களாகப் பிரித்து, வீடுகளில் கூடி இறைவார்த்தை வாசித்துச் செபிக்கும் அன்பியங்கள் தமிழகமெங்கும் வளர்ந்தன. திருமணம், இறப்பு, நோய் எதிலும் முதலில் ஓடிவருவது அந்த வட்டமே.

அனுப்பர்பாளையம்: ஆறுகள் கூடுமிடம்

அவிநாசிச் சாலையில் திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் நெடுங்காலமாகப் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பித்தளை, செம்பு, எவர்சில்வர் பட்டறைகள் அதன் அடையாளம். 1920களில் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் தொடங்கியது. 1970களின் இறுதியில் ஏற்றுமதி வந்தபின் பனியன் கம்பெனிகள் பெருகின. சுற்றுப்புற ஊர்கள் நகருக்குள் கரைந்தன. தஞ்சை, மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்து காம்பவுண்டு வீடுகளில் குடியேறின. வந்தவர்கள் தங்கள் ஜெப மரபையும் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலிச் சிற்றூரின் மாலை மணி, மதுரைப் பக்கத்து அமெரிக்கன் மிஷன் சபையின் ஞானப்பாட்டு, கடற்கரைக் கத்தோலிக்கரின் ஜெபமாலை, காத்திருப்புக் கூட்டத்தின் கண்ணீர் ஆகியவை ஒரே தெருவில் சந்திக்கின்றன.

தொழில் இந்த மரபுகளை மாற்றியமைத்தது. ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும். டைலருக்கும் கைமடிக்கும் செக்கிங் பெண்களுக்கும் வெள்ளிக்கிழமைப் பகல் உபவாச ஜெபம் எட்டாக்கனி. ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஞாயிறும் வேலைநாளாகலாம். ஆகவே ஜெபம் இரவுக்கு நகர்ந்தது. சாப்பாட்டுக்குப் பின் ஒரு வீட்டின் முன்னறையில் பாய் விரித்துக் கூடுகிறார்கள். ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, பிறகு விண்ணப்பங்கள். ஊரில் அப்பாவுக்கு உடல்நலம், பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், கந்துவட்டி, மதுவில் மூழ்கிய கணவன், பீஸ் ரேட் தகராறு, ஆர்டர் இல்லாத மாதம். பின்னலாடைத் தொழிலாளரில் பெண்களே மிகுதி. இந்தக் கூட்டங்களை நடத்துவோரும் பெரும்பாலும் பெண்களே. 1927 முதல் உலகெங்கும் கைக்கொள்ளப்பட்டு, இப்போது மார்ச் முதல் வெள்ளியில் அமையும் உலக ஜெப நாளைப் பெண்கள்தாம் முன்னெடுத்தார்கள். அந்த மரபின் அன்றாட வடிவம் இந்த முன்னறைகளில் வாழ்கிறது.

ஒரே தொழிலை நம்பிய ஊரில் கவலையும் பொதுவானது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசுபாட்டு வழக்கில் உயர் நீதிமன்ற ஆணையால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கால் எந்திரங்கள் நின்றபோதும் அடி எல்லார் வீட்டிலும் விழுந்தது. தன் வேலைக்காக ஜெபிக்கும் தொழிலாளி இங்கே தவிர்க்க இயலாமல் பக்கத்து வீட்டாரின் வேலைக்காகவும் ஜெபிக்கிறார். நொய்யலின் நீரும் அதன் கரையோர ஒரத்துப்பாளையத்தின் நிலமும் அந்த விண்ணப்பத்தில் சேர வேண்டும். ஆற்றைக் கெடுத்த தொழிலே நம் சோறு என்னும்போது, அந்த ஜெபம் பாவ அறிக்கையாகவும் திருந்தும் முடிவாகவும் இருக்க வேண்டும்.

இந்தப் பகுதியின் ஜெபவீடுகள் எதிர்கொள்ளும் சோதனை இரண்டு. ஒன்று, சிதறல். ஒரே தெருவின் சபைகள் தனித்தனியே கூடுகின்றன; ஒருவரையொருவர் அறிவதில்லை. தரங்கம்பாடியில் 1919இல் எழுந்த கேள்வி இங்கே பதிலுக்காகக் காத்திருக்கிறது. மாதத்தில் ஒரு மாலை எல்லாச் சபையாரும், அன்பியத்தாரும்கூட, ஊரின் தொழிலுக்கும் ஆற்றுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்ந்து ஜெபிப்பது இயலாத காரியமன்று. 1784இல் சிறு ஊர்ச் சபைகள் அதைத்தான் செய்தன.

மற்றொன்று, நம் வட்டத்தின் எல்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இன்று திருப்பூரின் எந்திரங்களில் பெரும் எண்ணிக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். தமிழ் வீடுகள் எந்த மலைநாடுகளுக்காகப் பல ஆண்டுகள் முழங்காலில் நின்றனவோ, அந்த மாநிலங்களின் பிள்ளைகள் பக்கத்து ஓவர்லாக் எந்திரத்தில் வேலை செய்கிறார்கள். நெரிசலான அறைகளில் தங்குகிறார்கள். மொழி தெரியாமல் மருத்துவமனைகளில் தவிக்கிறார்கள். வதந்திகளுக்கு அஞ்சி ஊருக்கு ரயிலேறியதும் உண்டு. இவர்களுக்காக ஜெபிக்கும் குழு, இவர்களோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூலி மறுக்கப்பட்டால் கூட நிற்க வேண்டும். வாடகை வீடு கிடைக்கப் பேச வேண்டும். இதற்கு மதமாற்றக் கணக்கு எதுவும் தேவையில்லை. அயலானுக்கு அன்பு காட்டும் கட்டளையே போதும்.

முடிவுரை

முத்துக்குளித்துறையின் மணியோசை முதல் திருப்பூரின் காம்பவுண்டு வீடுகள் வரை தமிழ்த் திருச்சபையின் ஒருமனப்பட்ட ஜெபம் பெரும் மாற்றங்களைக் கண்டிருக்கிறது. மனப்பாடம் சொந்தச் சொல்லாயிற்று. குருவானவரின் குரல் சபையாரின் குரலாயிற்று. ஆண்களின் அவை பெண்களின் முன்னறையாயிற்று. இவ்வளவு மாற்றத்திலும் ஒன்று மாறவில்லை. ஹெர்ன்ஹூட்டிலும் நார்த்தாம்ப்டனிலும் கிறிஸ்தியான்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும், 1959இன் ஜெபக்குழுக்களிலும், சேர்ந்து கேட்டவர்கள் கேட்டதற்குக் கைகொடுத்தார்கள். காலமும் காசும் கொடுத்தார்கள். தம் பிள்ளைகளையும் கொடுத்தார்கள். சாதிச் சுவரை விடமாட்டோம் என்ற இடங்களில் அதே ஜெபம் வலுவிழந்தது.

ஆகவே ஒருமனப்பட்ட ஜெபத்தின் வல்லமையைக் கூட்டத்தின் அளவைக் கொண்டோ குரலின் உரப்பைக் கொண்டோ மதிப்பிடக்கூடாது. ஆமென் சொன்னபின் அக்குழு யாருடைய சுமையைத் தன் தோளில் ஏற்றியது என்பதே சரியான அளவு. அந்த அளவைக் கையில் எடுத்துக்கொள்ள அனுப்பர்பாளையத்தின் சிறு ஜெபவீடுகளுக்குப் பெரிய ஆலயமும் பெரும் பணமும் வேண்டாம். பகலெல்லாம் உழைத்த களைப்போடு இரவில் பிறருக்காக முழங்காலிடும் மக்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் தெருவாரியாக ஒன்றுசேர்ந்து, மொழி தெரியாத அயலாரையும் தங்கள் விண்ணப்பத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் சேர்த்துக்கொண்டால், 1860இலும் 1903இலும் 1959இலும் தமிழ்த் திருச்சபை கண்ட வல்லமையை இந்தப் பனியன் நகரமும் காணும் என்று நம்புவதற்கு வரலாறு போதிய ஆதாரம் தருகிறது.